அம்மா இல்லாத படம்

மார்ச் 3, செவ்வாய்

அன்புள்ள பாப்பாவுக்கு,

அம்மா எழுதுவது. நான் சுகம். உன் கடிதம் வெள்ளிக்கிழமை வந்தது. போனில் சொல்லியிருக்கலாமே என்று முதலில் நினைத்தேன். ஆனால் அப்பா போனதிலிருந்து போனில் நாம் இரண்டு பேரும் 'ம்', 'ம்' என்று சொல்லிவிட்டு வைத்துவிடுகிறோம். அதனால் நீ எழுதினதே நல்லது. நானும் எழுதுகிறேன். அஞ்சாம் வகுப்புக் கையெழுத்து, மேலும் கீழுமாக ஓடும். பொறுத்துக்கொள்.

நீ ஒரு அப்பாவையும் மகளையும் வைத்துப் படம் எடுக்கப்போகிற விஷயம் எனக்கு முன்னாலேயே தெரியும். மாடி வீட்டு நர்ஸ் சொன்னாள். அவளுடைய போனில் வந்ததாம். பெற்றவளுக்கு முன்னால் மாடிக்குத் தெரிகிறது. போகட்டும். அவள் கேட்டாள், "அக்கா, உங்க வேஷத்துல யாரு நடிக்கிறாங்க?" நான் என்னத்தைச் சொல்ல? இன்னும் முடிவாகவில்லை என்று சொல்லி வைத்தேன். அவள் இரண்டு நடிகைகள் பெயர் சொல்லி, இவர்களில் ஒருத்தி வந்தால் உங்கள் முகத்துக்குச் சரியாக இருக்கும் என்றாள். அதில் ஒருத்தி ரொம்பச் சிவப்பு. நான் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

நீ கேட்ட அப்பாவின் டிரைவர் சட்டை இரண்டும் பீரோவில்தான் இருக்கின்றன. வீட்டை ஐந்து நாள் படப்பிடிப்புக்குக் கேட்டிருக்கிறாய். அதை யோசித்துச் சொல்கிறேன்.

ஆஸ்பத்திரியில் வேலை அதிகம். துணி துவைக்கிற பகுதிக்குப் புது இஸ்திரி மெஷின் வந்திருக்கிறது. பெரிய உருளை. இந்தப் பக்கம் ஈர விரிப்பை விட்டால் அந்தப் பக்கம் தகடு மாதிரி வருகிறது. நானும் நெட்டச்சியும் ஆளுக்கு இரண்டு முனை பிடித்து மடிக்கிறோம். அவள் உயரம், நான் குள்ளம். எங்கள் விரிப்பை மட்டும் தூரத்திலிருந்தே கண்டுபிடித்துவிடுவேன் என்கிறார் சூப்பர்வைசர்.

என் வேஷத்தில் யார் என்று எழுது. எனக்காகக் கேட்கவில்லை. மாடிக்காரிக்குப் பதில் சொல்லியாக வேண்டும்.

இப்படிக்கு,
உன் அன்புள்ள அம்மா


மார்ச் 11

அன்புள்ள அம்மாவுக்கு,

உறையில் இருந்த எழுத்தைப் பார்த்து யாருடையது என்று தெரியாமல் கொஞ்ச நேரம் பிரிக்காமலே வைத்திருந்தேன். உன் கையெழுத்தில் எனக்கு வந்த முதல் கடிதம் இது. சந்தோஷமாக இருந்தது.

நேரில் சொல்லியிருக்க வேண்டும். தைரியம் இல்லாமல் எழுதுகிறேன். படத்தில் அம்மா இல்லை. கதைப்படி மகள் குழந்தையாக இருக்கும்போதே அம்மா இறந்துவிட்டாள். உன்னை நினைத்து அப்படி எழுதவில்லை. இது ரொம்பச் சின்னப் படம். பாட்டு கிடையாது, சண்டை கிடையாது, பேச்சே குறைவு. ஒரு பஸ் டிரைவர், அவர் மகள். மகள் படிக்கப் போகிறாள். அவர் அவளுக்குக் கடிதம் எழுதுகிறார். அவ்வளவுதான் கதை. வீட்டில் மூன்றாவதாக ஒரு ஆள் இருந்தால் அவருடைய தனிமை கலைந்துவிடும்.

ஹாஸ்டலில் இருந்தபோது அப்பா எனக்கு எழுதிய பத்தொன்பது கடிதங்களும் என்னிடம் இருக்கின்றன. அவற்றிலிருந்துதான் முழுப் படத்தையும் எழுதினேன். அவர் வார்த்தையை ஒரு எழுத்துக்கூட மாற்றவில்லை.

மே மாதம் முதல் வாரம் வருகிறோம். அந்த ஐந்து நாளும் நீ சின்னம்மா வீட்டில் இருந்தால் உனக்குத் தொந்தரவு இருக்காது. அப்பாவின் மூக்குக்கண்ணாடியும் கிடைத்தால் நன்றாக இருக்கும்.

அன்புடன்,
மகள்


மார்ச் 20, வெள்ளி

அன்புள்ள பாப்பாவுக்கு,

சொன்னதற்கு நல்லது. மாடிக்காரியிடம், என் வேஷத்துக்கு யாரும் அமையவில்லையாம், அதனால் சாகடித்துவிட்டார்கள் என்று சொன்னேன். அவள் சிரித்தாள். நானும் சிரித்தேன். பிறகு வேலைக்குப் போய் நெட்டச்சியிடம் அதையே சொன்னபோது சிரிப்பு வரவில்லை.

நான் எதனால் செத்தேன் என்று எழுதவில்லையே. காய்ச்சலா? பஸ்ஸில் அடிபட்டா? அதையாவது தெரிந்துகொள்கிறேன்.

உனக்குக் கோபம் வரும், ஆனாலும் சொல்கிறேன். சனிக்கிழமை எனக்கு முழு நாள் வேலை. உனக்குப் பள்ளிக்கூடம் கிடையாது. உன்னைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லாமல் அப்பா பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு போவார். டிரைவர் சீட்டுக்குப் பக்கத்தில் இன்ஜின் மூடி மேல் பழைய மெத்தையை மடித்துப் போட்டு உன்னை உட்கார வைப்பார். கண்டக்டர் உன்னை டிரைவரம்மா என்று கூப்பிடுவார். அப்பாவும் அப்படியே கூப்பிட ஆரம்பித்தார். சாயங்காலம் நீங்கள் இரண்டு பேரும் வாசலில் எதற்கோ சிரித்துக்கொண்டே வருவீர்கள். நான் கதவைத் திறந்ததும் சிரிப்பு நின்றுவிடும். "என்னடி சிரிப்பு?" என்று கேட்பேன். நீ அப்பாவைப் பார்ப்பாய். அவர் ஷூவைக் கழற்றுவார். யாரும் சொல்ல மாட்டீர்கள். எட்டு வருஷம் சனிக்கிழமை தவறாமல் இது நடந்தது. அந்தச் சிரிப்பில் ஒன்றையாவது எனக்கும் சொல்லியிருக்கலாம்.

அவருக்கு என்மேல் பிரியம் இல்லை என்று சொல்ல மாட்டேன். இருந்தது. ஆனால் உன்னைப் பார்க்கும்போது முகத்தில் ஒன்று வரும், அது என்னைப் பார்க்கும்போது வந்ததில்லை. உனக்கும் அவரிடம் ஓடிப்போகிற கால் என்னிடம் வரும்போது நடக்கும். இரண்டு பக்கமும் எனக்கு மீந்ததுதான் கிடைத்தது. அப்போது கொடுத்து வைக்கவில்லை, இப்போது படத்திலும் இல்லை.

வீட்டை எடுத்துக்கொள். சட்டைகளை இஸ்திரி போட்டு இத்துடன் அனுப்பியிருக்கிறேன். கண்ணாடியைத் தர மாட்டேன். அது என் கட்டில் பக்கத்தில் இருக்கிறது. சின்னம்மா வீட்டுக்கும் போக மாட்டேன். மாடியில் இருந்துகொள்கிறேன். செத்தவளாக இருந்தாலும் பக்கத்தில் இருக்கிறேன்.

இப்படிக்கு,
அம்மா


மே 17, ஞாயிறு

அன்புள்ள பாப்பாவுக்கு,

நீங்கள் போய் ஒரு வாரம் ஆகிறது. வீட்டைப் பெருக்கித் துடைத்துவிட்டேன். சமையலறைச் சுவரில் ஒட்டிய கறுப்புத் துணியின் பசை மட்டும் போகவில்லை. நீ கிளம்பும்போது சரியாகப் பேச முடியாமல் போய்விட்டது. அதனால் நடந்ததை முதலிலிருந்து எழுதுகிறேன், நடுவில் நிறுத்தாமல் படி.

முதல் நாள் உன் ஆட்களில் ஒரு பெண் அட்டைப் பெட்டி எடுத்துக்கொண்டு வந்தாள். நல்ல பெண். "ஆன்ட்டி, தப்பா நினைக்காதீங்க. வீட்ல லேடீஸ் இருக்கற மாதிரியே தெரியக்கூடாதுன்னு டைரக்டர் சொல்லியிருக்காங்க" என்றாள். என் சீப்பு, செருப்பு, மாத்திரை டப்பா, குளியலறைக் கொக்கியில் இருந்த துண்டு எல்லாம் பெட்டிக்குள் போயின. சமையலறையில் துடைக்கிற துணிகளை நான் ஆஸ்பத்திரி மடிப்பாக மூலையை உள்ளே விட்டு மடித்து அடுக்கியிருப்பேன். அதை அவள் கவனிக்கவில்லை. நானே எடுத்து, இதையும் போடு, இதுவும் நான்தான் என்று கொடுத்தேன். மூன்று பெட்டி ஆனது. மூன்று பெட்டிதான் ஆனது என்று நினைத்துக்கொண்டு மாடி ஏறினேன்.

படத்து அப்பா மரியாதையான மனிதர். என்னிடம் வந்து, "அம்மா, உங்க வீட்டுக்காரர் எப்படி நடப்பாரு?" என்று கேட்டார். இத்தனை நாளில் என்னை ஒருவர் கேட்ட ஒரே கேள்வி. கிளட்ச் மிதித்து மிதித்து இடது இடுப்பு கொஞ்சம் இறங்கி நடப்பார் என்று நடந்து காட்டினேன். நீ கேமரா பக்கத்திலிருந்து, "அப்பா அப்படி நடக்க மாட்டாரு, நீ மேல போம்மா" என்றாய். பத்துப் பேர் நடுவில். இருபத்தொன்பது வருஷம் அவர் நடந்து போனதையும் வந்ததையும் பார்த்தவள் நான். நீ பார்த்தது அவர் உட்கார்ந்து பஸ் ஓட்டியதை.

மூன்றாம் நாள் எனக்கு விடுமுறை. மாடிப்படியில் உட்கார்ந்திருந்தேன். அங்கிருந்து நம் சமையலறை ஜன்னல் தெரியும். படத்து அப்பா பாத்திரம் கழுவுகிற தொட்டி முன்னால் நின்று ஒரு தட்டைக் கழுவிக்கொண்டிருந்தார். எனக்குச் சிரிப்பு வந்தது. உன் அப்பா எந்தக் காலத்தில் தட்டுக் கழுவினார்? சாப்பிட்ட தட்டை மேசையில் விட்டுவிட்டுத் தண்ணீர்ச் செம்போடு போய்விடுவார். அந்தத் தொட்டியின் குழாய் எந்தப் பக்கம் திருகினால் திறக்கும் என்றுகூட அவருக்குத் தெரியாது. இவள் என்ன இப்படி எடுக்கிறாள் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். அப்போது, அவர் கை கடிதத்தின் வேகத்துக்கே ஓட வேண்டும் என்று நீ ஒரு கடிதத்தைச் சத்தமாக வாசித்தாய்.

"உன் தட்டு தினமும் காய்ந்தே இருக்கிறது. சாப்பிட ஆள் இல்லாவிட்டாலும் அதை அப்படியே விட மனம் வரவில்லை. மற்றதோடு சேர்த்து நான் தினமும் ஒரு தடவை கழுவி வைக்கிறேன். ஈரமாக இருந்தால் நீ இப்போதுதான் சாப்பிட்டு எழுந்து போன மாதிரி இருக்கிறது."

அது நான் சொன்னது. அவர் கழுவவில்லை, நான் கழுவினேன்.

கடிதம் எழுதுகிற நாளில் சாயங்காலம் அவர் டிரிப் ஷீட் வைக்கிற அட்டையை மடியில் வைத்துக்கொண்டு உட்காருவார். நான் துவைத்த துணியை மடித்துக்கொண்டே சொல்லுவேன், அவர் எழுதுவார். அவருடைய எழுத்து முத்து மாதிரி இருக்கும். என் எழுத்தைப் பார்த்தால் உன் ஹாஸ்டல் பெண்கள் சிரிப்பார்கள், உனக்கு வெட்கமாகிவிடும் என்றுதான் நான் எழுதவில்லை. அவருக்கு பஸ்ஸில் உட்கார்ந்தால் வாய் ஓயாது. பேனாவை எடுத்தால் 'நலம், நலமறிய ஆவல்' என்பதோடு நின்றுவிடும். "அப்புறம் என்ன எழுதறது?" என்று என்னைப் பார்ப்பார். அப்படித்தான் பத்தொன்பதும் எழுதியது.

அம்மா சொல்கிறாள் என்று எழுதியிருப்பார் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். காலையில் டிப்போவுக்குப் போகிற வழியில் அவரே ஒட்டித் தபாலில் போட்டுவிடுவார். நான் ஒரு தடவையும் வாங்கிப் பார்த்ததில்லை. நான் 'நான்' என்று சொன்னேன், அவரும் 'நான்' என்று எழுதி, கீழே 'அப்பா' என்று போட்டிருக்கிறார். டிப்போவில் அதுதான் வழக்கம். கண்டக்டர் கணக்குச் சொல்லுவார், இவர் ஷீட்டில் எழுதுவார், யார் எழுதினார்களோ அவர்கள்தான் கீழே கையெழுத்துப் போட வேண்டும். அந்தப் பழக்கத்தில் போட்டாரா, தெரிந்தே போட்டாரா, எனக்குத் தெரியாது. சண்டை போட்டுக் கேட்க ஆள் இல்லை.

படத்தில் அம்மா இல்லை என்று நீ எழுதியபோது எனக்கு ஒரு ஆறுதல் இருந்தது. கடிதங்கள் வருமே, அதில் நான் சொன்னது வருமே என்று நினைத்தேன். அதற்காகத்தான் வீட்டைக் கொடுத்தேன். இப்போது பார்த்தால் நான் சொன்னதெல்லாம் வருகிறது, நான் மட்டும் வரவில்லை.

அன்று படியிலிருந்து இறங்கி வந்து, "அது நான் சொன்னதுடி" என்றேன். நீ, "அம்மா, ஷாட் ஓடுது" என்றாய்.

இப்படிக்கு,
அம்மா


மே 26

அம்மாவுக்கு,

உன் கடிதத்தை நாலு தடவை படித்தேன். நீ பொய் சொல்ல மாட்டாய் என்று தெரியும். அதனால்தான் தாங்க முடியவில்லை.

அப்பா போய் இன்னும் பதினாலு மாதம் ஆகவில்லை. அவர் பேசியது எதையும் நான் பதிவு செய்து வைக்கவில்லை. அவர் குரல் என்று என்னிடம் இருப்பது இந்தப் பத்தொன்பது தாள்தான். அதையும் உன்னுடையது என்கிறாய். உனக்கு எங்கள் மேல் பொறாமை, அம்மா. சின்ன வயதிலேயே எனக்குத் தெரியும். நீ வந்ததும் நாங்கள் ஏன் சிரிப்பை நிறுத்துவோம் என்று கேட்டிருக்கிறாய். உன் முகத்தைப் பார்த்துத்தான். நீ களைத்துப்போய் நிற்பாய், நாங்கள் ஊர் சுற்றிவிட்டு வந்திருப்போம், எங்களுக்குக் குற்றமாக இருக்கும். வேறு ரகசியம் எதுவும் இல்லை.

பதினாலாவது கடிதத்தைக் கவனமாகப் படி. இரண்டாம் வருஷம் படிப்பு வேண்டாம், திரும்பி வந்துவிடுகிறேன் என்று எழுதியிருந்தேன். பெட்டிகூடக் கட்டிவிட்டேன். அப்போது வந்தது. "ஓடுகிற பஸ்ஸிலிருந்து குதிக்காதே. முதலில் நிற்கட்டும். நின்ற பிறகும் இறங்கத்தான் தோன்றுகிறது என்றால் இறங்கு. எந்த நிறுத்தத்தில் இறங்கினாலும் அங்கே நான் நிற்கிறேன்." அதைப் படித்துவிட்டுப் பெட்டியை அவிழ்த்தேன். இன்றைக்கு நான் என்ன வேலை செய்கிறேனோ அது அந்த நாலு வரியால் வந்தது. படம் முடிவதும் அதில்தான். அதுவும் நீ சொன்னதா?

பத்தொன்பதையும் நகல் எடுத்து, எண் போட்டு, பெரிய எழுத்தாக்கி அனுப்பியிருக்கிறேன். ஒவ்வொன்றின் தலையிலும் 'அப்பா' அல்லது 'அம்மா' என்று எழுதி அனுப்பு. எல்லாம் அம்மா என்றால் நான் இந்தப் படத்தை முடிக்க மாட்டேன். மிரட்டுவதற்காகச் சொல்லவில்லை. இல்லாத ஒரு மனிதரைப் பற்றி எப்படி முடிப்பது?

இதைத் தவிர இப்போதைக்கு வேறு எதுவும் எழுத வேண்டாம்.

மகள்


ஜூன் 14, ஞாயிறு

என்னங்க,

இதை எந்தத் தபாலிலும் போட முடியாது. ஆனாலும் எழுதினால்தான் அடுத்ததை எழுத முடியும் போல் இருக்கிறது. உங்களுக்கு நான் எழுதும் முதல் கடிதம். ஒரே வீட்டில் இருந்தவர்களுக்குக் கடிதம் எதற்கு என்று இருந்துவிட்டேன்.

உங்கள் மகள் அனுப்பிய நகல்களை இரண்டு வாரமாக எழுத்துக்கூட்டிப் படித்தேன். வேலை முடிந்ததும் விரிப்பு மடிக்கிற மேசையில் பரப்பி வைத்துப் படிப்பேன். நெட்டச்சி பக்கத்தில் நின்றாள். பத்தொன்பதும் என்னுடையது. ஒரு வரி விடாமல் என்னுடையது. 'நலம், நலமறிய ஆவல்' மட்டும் உங்களுடையது. பத்தொன்பதிலும் அதை மறக்காமல் போட்டிருக்கிறீர்கள்.

தெரிந்தே செய்தீர்களா? அவள் பதில் வந்தால் எனக்குச் சத்தமாகப் படித்துக் காட்டுவீர்கள். நடுவில் ஒரு இடத்தில் தொண்டையைச் செருமிவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விடுவீர்கள். உங்களுக்குச் சளி என்று நினைத்தேன். இப்போது யோசித்தால், 'அப்பா, நீங்கள் எழுதியதைப் படித்து அழுதேன்' என்று அங்கே இருந்திருக்கும். அதைத் தாண்டிப் போயிருக்கிறீர்கள். சனிக்கிழமையெல்லாம் உங்களுக்கு, முகத்தில் வருகிற வெளிச்சம் உங்களுக்கு. என்னிடம் இருந்தது வாயில் வருகிற நாலு வார்த்தை. அதையும் உங்கள் பெயரில் அனுப்பிவிட்டு, நல்ல பிள்ளையாகப் போய்ச் சேர்ந்துவிட்டீர்கள்.

பதினாலாவது நினைவிருக்கிறதா? அவள் படிப்பை விட்டுவிடுகிறேன் என்று எழுதிய கடிதம் வந்த மறுநாள். நான் அழுவதை நீங்கள் பார்க்கக்கூடாது என்று ஜன்னல் பக்கம் திரும்பி நின்று சொன்னேன். டிரைவர் பெண்டாட்டிக்கு வேறு என்ன உதாரணம் வரும்? பஸ்தான் வந்தது. நீங்கள் எழுதுவீர்கள், நான் அடுத்த வரியை யோசிக்கும் நேரத்தில் கால் நகத்தை வெட்டிக்கொண்டிருப்பீர்கள். டக் டக் என்று சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. நிற்கிறேன் என்று சொல்லும்போது எனக்குக் குரல் போய்விட்டது. நீங்கள் திரும்பிப் பார்க்காமலே, "அப்புறம்?" என்றீர்கள். "அவ்வளவுதான், மூடிடுங்க" என்றேன். பஸ் என்று வந்ததும் அது உங்களுடையது ஆகிவிட்டது.

எல்லாவற்றின் தலையிலும் 'அம்மா' என்று எழுதினேன். பென்சிலால்தான் எழுதினேன். பத்தொன்பது தடவை அந்த வார்த்தையை எழுத எனக்கு எவ்வளவு ஆசையாக இருந்தது தெரியுமா? எழுதி முடித்து அடுக்கிப் பார்த்தேன். நெட்டச்சி, "இப்ப திருப்தியா?" என்று கேட்டாள். திருப்தியாகத்தான் இருந்தது, ஒரு மணி நேரம்.

பிறகு, அவள் அதைப் பிரித்துப் படிப்பதை நினைத்துப் பார்த்தேன். பத்தொன்பதாவதைப் புரட்டியதும் அவளுக்கு அப்பா இருக்க மாட்டார். உங்களை ஒரு தடவை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். இரண்டாவது தடவை எடுத்துக்கொண்டு போவது நானாக இருக்கும்.

பஸ்ஸோ ரோடோ வருகிற கடிதம் ஏழு இருந்தது. அந்த ஏழிலும் பென்சிலை அழித்துவிட்டு 'அப்பா' என்று எழுதினேன். பதினாலாவதில் அழித்ததில் தாள் கொஞ்சம் கிழிந்துவிட்டது. அந்த ஏழு கடிதத்தையும் வைத்துக்கொள்ளுங்கள். மனசோடு கொடுத்தேன் என்று நினைக்காதீர்கள். வயிறு எரிகிறது. தட்டை மட்டும் தர மாட்டேன்.

இப்படிக்கு,
உங்கள் மனைவி


ஜூன் 14, ஞாயிறு

அன்புள்ள பாப்பாவுக்கு,

வேறு எதுவும் எழுத வேண்டாம் என்றாய். அதனால் சுருக்கமாக எழுதுகிறேன்.

படித்துப் பார்த்தேன். பன்னிரண்டு நான் சொன்னது. ஏழு அப்பா தானாக எழுதியது. அன்றைக்குக் கோபத்தில் பத்தொன்பதும் என்று எழுதிவிட்டேன். அது தப்பு. பதினாலாவது அப்பாவுடையது. அதில் தலைப்பக்கம் கொஞ்சம் கிழிந்திருக்கும், உறையில் வைக்கும்போது கிழிந்தது.

தட்டுக் கடிதம் என்னுடையது. அதில் மாற்றம் இல்லை.

சிரிப்பை நிறுத்தியதற்கு நீ எழுதியிருந்த காரணத்தைப் படித்தேன். அப்போதே சொல்லியிருந்தால் நான் முகம் கழுவிக்கொண்டு வந்து கதவைத் திறந்திருப்பேன்.

படத்தை முடி.

இப்படிக்கு,
அம்மா


ஜூன் 25

அன்புள்ள அம்மாவுக்கு,

உறையைப் பிரிக்கக் கை வரவில்லை. எடிட்டிங் அறையில் இருந்த எல்லோரையும் வெளியே அனுப்பிவிட்டுப் பிரித்தேன். முதலில் பதினாலைத்தான் எடுத்தேன். 'அப்பா' என்று இருந்தது.

போன கடிதத்தில் நான் எழுதியதற்கு என்னை மன்னித்துவிடு. பொறாமை என்று சொன்னேன். பொறாமைக்காரியாக இருந்தால் நீ அந்த ஏழு கடிதத்தைத் திருப்பிக் கொடுத்திருக்க மாட்டாய். அதுவும் பதினாலை. அது போயிருந்தால் எனக்கு ஒன்றும் மிஞ்சியிருக்காது.

உன்னுடைய பன்னிரண்டையும் தனியாக எடுத்து வைத்து, உன் குரலில் மறுபடி படித்தேன். பாதிக்கு மேல் திட்டு. அப்பா எப்படி இவ்வளவு திட்டினார் என்று அப்போது நான் யோசிக்கவே இல்லை பார். 'துணியை நனைத்து வைத்துவிட்டு மறந்து போகாதே, அது துணி, ஊறுகாய் இல்லை' என்று அப்பா எழுதுவாரா? ஹாஸ்டலில் எல்லோருக்கும் படித்துக் காட்டிச் சிரித்திருக்கிறேன், என் அப்பா எவ்வளவு வேடிக்கையாக எழுதுகிறார் என்று. அவர்களில் இரண்டு பேருக்குப் போன் செய்து, அது எங்கள் அம்மா எழுதியது என்று சொன்னேன்.

தட்டுக் கழுவுகிற காட்சியைப் படத்திலிருந்து எடுத்துவிட்டேன். எல்லோரும் திட்டுகிறார்கள், படத்திலேயே நல்ல காட்சி அதுதானாம். உன்னுடையதை அப்பாவுக்குக் கொடுக்க எனக்கு மனம் இல்லை. படத்தில் இனி அப்பாவின் ஏழு மட்டும்தான் வரும். வீடு தந்ததற்கு நன்றி என்று முதல் பெயராக உன் பெயர் போடுகிறேன். திரையிடும் நாளில் நீ என் பக்கத்தில் உட்கார வேண்டும். மாடி வீட்டு அக்காவையும் நெட்டச்சி அக்காவையும் அழைத்து வா.

ஒன்று கேட்க வேண்டும். பதினாலாவது எழுதியபோது நீ பக்கத்தில் இருந்தாயா? அப்பா எப்படி இருந்தார்? படத்தின் கடைசிக் காட்சிக்கு வேண்டியிருக்கிறது. நடிகர் இன்னும் ஒரு நாள் வருவதாகச் சொல்லியிருக்கிறார். அவர் நடையைப் பற்றி நீ சொன்னதையும் எழுது. அன்று உன்னை மேலே போகச் சொன்னது தப்பு.

அன்புடன்,
உன் பாப்பா


ஜூலை 4, சனி

அன்புள்ள பாப்பாவுக்கு,

உன் கடிதம் வந்தது. இங்கே எல்லோரும் சுகம். நெட்டச்சிக்குப் படம் பார்க்க வர ரொம்ப ஆசை. அவளுக்குப் பின்னால் உட்காருகிறவர்கள் பாவம். மாடிக்காரி, அன்றைக்கு ஆஸ்பத்திரி முறை இருந்தாலும் மாற்றிக்கொண்டு வருகிறேன் என்றாள். ஹாஸ்டல் பெண்களுக்குப் போன் செய்ததாக எழுதியிருந்தாயே, அந்த இடத்தை இரண்டு தடவை படித்தேன்.

அப்பா நடப்பதைக் கேட்டாய். இடது இடுப்பு கொஞ்சம் இறங்கும். காலையில் தெரியாது, சாயங்காலம் வேலை முடிந்து வரும்போது நன்றாகத் தெரியும். வலது கை சும்மா இருக்காது, சாவியைப் பிடித்துக்கொண்டே வரும். மாடிப்படி ஏறும்போது மூன்றாவது படியில் ஒரு மூச்சு நிற்பார்.

பதினாலாவது கடிதம் எழுதிய அன்று நான் வீட்டில்தான் இருந்தேன். நீ கேட்டதால் சொல்கிறேன், உன் நடிகருக்கும் சொல்லு. அப்பா அன்றைக்கு உட்கார்ந்து எழுதவில்லை. அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு, நான் பார்க்கக்கூடாது என்று ஜன்னல் பக்கம் திரும்பி நின்று எழுதினார். ஒவ்வொரு வரியையும் முதலில் வாய்க்குள் சொல்லிப் பார்த்துவிட்டு எழுதினார். நிற்கிறேன் என்ற இடத்தில் அவருக்குக் குரல் போய்விட்டது. முதுகுதான் எனக்குத் தெரிந்தது. அவர் அழுததை நான் அறிந்துகொண்டதாக அவருக்குக் காட்டவில்லை.

நான் கட்டிலில் உட்கார்ந்து கால் நகம் வெட்டிக்கொண்டிருந்தேன். திரும்பிப் பார்க்காமலே "அப்புறம்?" என்று கேட்டேன்.

"அவ்வளவுதான்" என்றார்.

இப்படிக்கு,
உன் அன்புள்ள அம்மா